இன்னும் ஒரு முங்கு

சங்கு குளிக்கிற கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொண்டு காருக்குப் பெயிண்ட் அடித்த ஒரே ஒரு மனிதரைத்தான் எனக்குத் தெரியும். அவர் என் அக்காவைக் கட்டிய மச்சான். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் இருபது வருஷத்துக்கு மேல் சங்கு குளித்தவர். பேரைச் சொன்னால் கடற்கரையில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதனால் மச்சான் என்றே இருக்கட்டும்.

ஆள் குட்டை. நெஞ்சு மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டானது. இடது காலை லேசாக இழுத்து நடப்பார். எதை ஆரம்பித்தாலும் நிறுத்தத் தெரியாது. அவரிடம் எனக்குப் பிடித்ததும் அதுதான், நான் பயந்ததும் அதற்குத்தான். எட்டு இட்லி உள்ளே போன பிறகு அக்கா "போதுமா?" என்று கேட்டால், "இன்னும் ஒரு முங்கு" என்பார். கேரம் போர்டில் தோற்றாலும் இன்னும் ஒரு முங்கு, ஜெயித்தாலும் இன்னும் ஒரு முங்கு. கோயில் திருவிழாவில் பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்றிக்கொண்டு போனார். பிள்ளைகள் பயந்து இறங்கிவிட்டன. இவர் மட்டும் தனியாக உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தார். கீழே நின்ற அக்காவுக்கு வந்த கோபத்தை எழுத முடியாது.

முங்கு என்றால் ஒரு தடவை மூழ்கி எழுவது, அவர் தொழிலில் இருந்து வந்த சொல். வள்ளத்தில் எஞ்சினோடு ஒரு கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து நீளமாக ஒரு ரப்பர் குழாய். குளிக்கிறவர் அதைப் பல்லால் கடித்துக்கொண்டு அடியில் போய்ச் சேற்றைத் தடவிச் சங்கு எடுப்பார். மேலே ஒருவன் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அடியில் இருக்கிறவருக்கு நேரம் தெரியாது, மேலே நிற்கிறவனுக்குத்தான் தெரியும். அவன் ஒரு இழுப்பு இழுத்தால் மேலே வா என்று அர்த்தம். கீழே இருந்து திருப்பி இழுத்தால் பொறு என்று அர்த்தம்.

குழாய்க்குப் பதில் கயிறு கட்டி முத்துக் குளித்த காலத்திலிருந்தே எங்கள் பக்கம் அதைப் பிடிக்கிற வேலை மச்சினன்மாருக்கு என்று வழக்கம். கூடப்பிறந்தவள் தாலி அறுந்துவிடக் கூடாது என்கிற பயம் அவள் தம்பிக்குத்தானே இருக்கும். அப்படித்தான் நானும் அவருக்கு இரண்டு சீசன் குழாய் பிடித்தேன். ஒரு நாளாவது முதல் இழுப்புக்கு அவர் வந்ததில்லை. நான் இழுப்பேன், உடனே கீழே இருந்து வெடுக்கென்று திருப்பி ஒரு இழுப்பு வரும். மறுபடி இழுப்பேன், மறுபடி வரும். கடைசியில் மூன்று சங்கைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டே மேலே வருவார்.

"ஏன் மச்சான் இப்படிச் செய்யுதிய?"

"சங்கு கையில பட்டுட்டு மாப்ள. விட்டுட்டு வரச் சொல்லுதியா?"

அந்தத் திருப்பி இழுக்கிற இழுப்புக்குப் பயந்துதான் நான் கடலை விட்டேன். பைபாஸ் ரோட்டில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒரு பெரிய கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். நான் போன அடுத்த வருஷம் வேறு ஒருவன் குழாய் பிடித்தபோது, இவர் ஒரு முங்கு கூடப் போட்டுவிட்டு அவசரமாக மேலே வந்தார். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்தால் நரம்பு அடித்துவிடும், அதில் போனதுதான் இடது கால். அத்தோடு கடலும் போனது. அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள், சாளை மீன் அரிந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல்: "நீ புடிச்சிருந்தா நேரத்துக்கு வந்திருப்பாரு." வந்திருக்க மாட்டார் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை என் மேல் அப்படியே ஒட்டிக்கொண்டது.

கடல் போய்ப் பத்து வருஷம் கழித்துப் பழைய கார் ஒன்றை வாங்கினார். துறைமுகத்து ஆபீஸ் ஆட்களை வீட்டிலிருந்து ஏற்றி இறக்குகிற வேலை கிடைப்பதாக இருந்தது. அதற்கு வண்டியைத் தகுதிச் சான்றுக்கு, அதாவது எஃப்.சி.க்குக் காட்டி, டாக்ஸி போர்டு வாங்க வேண்டும். வண்டியோ உப்பளத்தில் ஓடிய வண்டி. கதவுகளின் அடி முழுவதும் துரு தின்றிருந்தது. பெயிண்ட் இல்லாமல் போனால் எஃப்.சி. கொடுக்கிற அதிகாரி வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

எங்கள் கடைக்கு அவரை நானே கூட்டிக்கொண்டு போனேன். பெயிண்ட் பூத்தை அவருக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. நான்கு பக்கமும் வெள்ளைச் சுவர், மேலே வடிகட்டி வருகிற காற்று, ஒரு தூசி உள்ளே வராது. பதினோரு வருஷமாக நான் கற்ற தொழில் அந்த அறைக்குள் இருந்தது. மச்சான் அதன் கதவுக் கண்ணாடி வழியாகப் பத்து நிமிஷம் பார்த்தார்.

"உள்ள காத்து எங்கேருந்து வருது?"

"வெளியேருந்துதான். பில்டர்ல வடிச்சு வருது."

"அப்ப நம்ம கம்ப்ரசர்ல வாரதும் இதே காத்துதான மாப்ள?"

முதலாளி சொன்ன தொகையைக் கேட்டு மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். வந்ததும் சிரித்தார். "கார் என்ன, மீனா, ஓடிப் போறதுக்கு? நின்னு கெடக்க இரும்பு. நானே அடிக்கேன்."

"மச்சான், வள்ளத்துக்கு பிரஷ்ல அடிக்க மாதிரி இல்ல இது. ஒரு எடத்துல கை நின்னா வழிஞ்சிரும். ஒரு தூசி விழுந்தா முழு கதவையும் திருப்பி அடிக்கணும்."

"வழிஞ்சா தொடச்சிருவோம்."

தொடச்சிருவோம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டாக்டரிடம் போய், ஊசிதானே, நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்கிற மாதிரி. இவர் அடிக்கட்டும், வழியட்டும், அப்புறம் நம் கடை வாசலில் வந்து நிற்கட்டும் என்று நினைத்தேன். இதை மறைப்பதற்கில்லை.

ஆனால் மூன்று வாரம் அவர் செய்த வேலையைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வாய் அடைத்தது. துருவை எல்லாம் கையாலேயே சுரண்டினார். பள்ளங்களைப் பட்டி பூசி நிரப்பினார். விரல் முட்டியெல்லாம் தோல் உரிகிற வரைக்கும் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தார். பட்டி சமமாக இருக்கிறதா என்று நாங்கள் லைட்டைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்போம். இவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினார். சேற்றுக்குள் கண் தெரியாமல் தடவியே பழகிய கை. "இங்கன ஒரு மேடு இருக்கு" என்று சொல்லி நிறுத்துவார். நான் தடவிப் பார்த்தால் இருக்கும். நல்லா இருக்கு மச்சான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்குப் பின்னால் வலை போட்டு வைக்கிற கொட்டகை இருந்தது. அதைத் தார்ப்பாய் கட்டி நான்கு பக்கமும் அடைத்தார். தூசி எழும்பாமல் தரைக்குத் தண்ணீர் தெளித்தார். உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததால் ஒரு பக்கம் பிளாஸ்டிக் தாளில் ஜன்னல் வைத்தார். பழைய சங்குக் கம்ப்ரசரை அதன் டீசல் எஞ்சினோடு வெளியே நிறுத்தி அதிலிருந்து இரண்டு குழாய் எடுத்தார். ஒன்று பெயிண்ட் அடிக்கிற கன்னுக்கு, ஒன்று தன் வாய்க்கு.

"இந்தப் பெயிண்ட்ல இறுகுறதுக்கு ஹார்ட்னர் இருக்கு மச்சான். ஆவி நெஞ்சுக்குள்ள போனா ஆளையே எடுத்துரும். நாங்க அதுக்குன்னு தனி மாஸ்க் போடுவோம்."

"மூக்கு கண்ணாடிக்குள்ள இருக்கு. வாயில குழாய் இருக்கு. ஆவி எங்கிட்டு வழியாப் போவும், சொல்லு பாப்போம்?"

யோசித்தால் எங்கள் மாஸ்க்கை விட அது நல்ல ஏற்பாடு. "நீ குழாயப் புடி. நேரமாச்சுன்னா இழு. பழைய மாதிரிதான்" என்றார். அக்கா அடுக்களை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை எஃப்.சி. காலை ஏழரை மணிக்கு ஆரம்பித்தார். கரையிலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று. எஞ்சின் புகை அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடி போட்ட முகத்தோடு, வாயில் குழாயோடு, காரைச் சுற்றிக் காலை இழுத்து இழுத்து அவர் நடந்தது கடலடியில் நடக்கிற மாதிரியே இருந்தது. முதல் கோட்டு, அதாவது முதல் பூச்சு, பிரமாதம். இரண்டாவது கோட்டு அதைவிட நன்றாக விழுந்தது. எங்கள் கடையில் மூன்று வருஷம் வேலை பார்த்தவன் அடித்தது என்று சொன்னால் நம்பலாம். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

ஒரு இழுப்பு இழுத்தேன். போதும், வெளியே வாங்க என்று.

வெடுக்கென்று திருப்பி ஒரு இழுப்பு வந்தது. உள்ளே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். இன்னும் ஒரு முங்கு. இன்னும் ஒரு கோட்டு.

"மச்சான், இது போதும்! மூணாவது வேண்டாம்!" என்று கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்டிருக்காது. மணி பத்தரை தாண்டியது. கொடியில் அக்கா காயப்போட்டு, கடல் பக்கம் பறந்துகொண்டிருந்த துணிகள் ஒரு நிமிஷம் அசையாமல் தொங்கின. பிறகு வீட்டுப் பக்கமாகத் திரும்பிப் பறந்தன. அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

கடலில் இதற்கு யாரும் கவலைப்பட்டதில்லை. நங்கூரம் போட்ட வள்ளம் காற்று மாறினால் தானே திரும்பிக்கொள்ளும். எஞ்சின் புகை எப்போதும் பின்னால்தான் போகும், கம்ப்ரசர் காற்று இழுக்கிற வாய்க்கு வராது. இருபது வருஷம் அப்படியே மூச்சு விட்டவர் அவர். கொட்டகை திரும்பாது என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கடற்காற்று எஞ்சின் புகையை அள்ளிக்கொண்டு வந்து கம்ப்ரசரின் வாய்க்குள் போட்டது. கம்ப்ரசர் அதைக் குழாய் வழியாக அவர் நெஞ்சுக்குள் தள்ளியது. நான் அந்தக் குழாயைத்தான் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னலில் பார்த்தேன். பின்கதவில் கன் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. பெயிண்ட் திரண்டது. கனத்தது. மெல்ல வழிய ஆரம்பித்தது.

நான் சிரித்தேன்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். அக்கா இதைப் படித்தால் படிக்கட்டும். வழிஞ்சிருச்சு பாத்தீங்களா, கை நிக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா என்று எனக்குள் அவ்வளவு திருப்தி. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று கணக்கில்லை. கதவின் நடுவில் ஆரம்பித்த வழிசல் கதவின் அடிவரைக்கும் போய்ச் சேர்கிற நேரம். பதினோரு வருஷத் தொழில் எனக்குச் சொன்னது, கத்துக்குட்டியின் கை நின்றுவிட்டது என்று. கை ஏன் நின்றது என்று அது சொல்லவில்லை.

கன் கீழே விழுந்த பிறகுதான் இழுத்தேன். திருப்பி இழுப்பு வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன். எந்த இழுப்புக்குப் பயந்து கடலையே விட்டேனோ, அந்த ஒரு இழுப்பு வந்துவிடாதா என்று கிடந்து அலறினேன். குழாய் தளர்ந்து என் கையோடு வந்தது.

தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய் அக்குளில் கைகொடுத்து அவரை வெளியே இழுத்துப் போட்டேன். கண் பாதி திறந்திருந்தது. வாயிலிருந்து நுரையும் வாந்தியுமாக வந்தது. அக்கா ஓடி வந்து நெஞ்சில் கைவைத்து, "இந்தாங்க, இந்தாங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். என்ன நடந்தது என்று புரியாமல் குழாயை எடுத்து என் வாயில் வைத்து ஒரு மூச்சு இழுத்தேன். கருகிய டீசல்.

ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே கிடந்திருந்தால் கொண்டு வந்திருக்கவே வேண்டாம் என்றார் டாக்டர். இருட்டுவதற்குள் மச்சான் கண் திறந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, நீ குழாயப் பாத்தியா, பெயிண்டப் பாத்தியா?"

"குழாயத்தான்க்கா புடிச்சிக்கிட்டு நின்னேன்."

"நான் புடிச்சியான்னு கேக்கல. பாத்தியான்னு கேக்கேன்."

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

ஆக்சிஜன் மூடிக்கு மேலே மச்சானின் கண் இரண்டும் என்மேலேயே இருந்தன. அவர் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அக்கா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து வெந்நீர் வாங்கப் போனாள்.

மூன்றாம் நாள் நானும் அவரும் மட்டும் இருந்தோம். தொண்டை கரகரத்துக் கேட்டார்.

"வழிஞ்சிருச்சா?"

"ஆமா மச்சான். பின்கதவுல."

"தல சுத்திச்சு. கையத் தூக்க முடியல. நீ நிப்பன்னு ஜன்னலப் பாத்தேன்" என்றார். "நின்ன. ஒனக்குச் சிரிப்பு வந்திட்டு இருந்திச்சு."

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அது அப்போது வரவில்லை.

"அவகிட்ட சொல்லல" என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார். கடலிலும் இல்லை, பெயிண்டிலும் இல்லை, சாதாரண ஒரு காய்ச்சலில்தான் போனார். போகிறவரைக்கும் அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. அந்த நாலு வருஷமும் நான் அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், சோற்றில் கைவைக்கும்போதெல்லாம், இன்றைக்குச் சொல்லிவிடுவாரோ என்று இருக்கும். அவர் எட்டு இட்லி தின்றுவிட்டு இன்னும் ஒரு முங்கு கேட்பார்.

ஆனால் நான் அவரை நினைக்கும்போது வருவது ஆஸ்பத்திரி இல்லை. அதற்கு ஒரு மாதம் கழித்து வந்த இன்னொரு காலை.

எஃப்.சி.க்கு வேறு தேதி வாங்கியிருந்தார். வண்டியில் மற்ற எல்லா இடமும் மினுமினு என்று இருந்தது. பின்கதவு மட்டும் வழிந்து காய்ந்து கிடந்தது. கடைக்குக் கொண்டு வாங்க, பூத்தில் வைத்து நானே அடித்துத் தருகிறேன், ஒரு பைசா வேண்டாம் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. வழிசலைத் தேய்த்து எடுத்து, அடிப்பூச்சாகப் பிரைமர் பூசி வைத்துவிட்டு, ஒரு நாள் காலையில் ஆள் அனுப்பி என்னை வரச்சொன்னார்.

கொட்டகைக்குத் தார்ப்பாய் புதிதாகக் கட்டியிருந்தார். எஞ்சினின் புகைக்குழாயில் நீளமாக ஒரு பைப் மாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் விட்டிருந்தார். முற்றத்தில் ஒரு கம்பு நட்டு, உச்சியில் அக்காவின் பழைய சேலைக் கிழிசல் ஒன்றைக் கட்டியிருந்தார். காற்று பார்க்க. அக்கா அடுக்களை வாசலில் நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. மச்சான் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு குழாயை என்னிடம் நீட்டினார்.

"எதுக்கு மச்சான் என்னைய? வேற யாரையாவது..."

"வேற யாரு புடிப்பா?"

"என் கையில குடுக்காதிய மச்சான். எனக்குப் பயமா இருக்கு."

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புதுசா ஒருத்தனப் புடிச்சா அவனும் ஒரு நாளு சிரிப்பான் மாப்ள. நீ சிரிச்சு முடிச்சிட்ட."

"என்ன சிரிப்பு அங்கன?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல. நீ உள்ள போ" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கி, குழாயைக் கடித்துக்கொண்டு, தார்ப்பாயைத் தூக்கி உள்ளே போய்விட்டார். அக்கா உள்ளே போகவில்லை.

நான் பிளாஸ்டிக் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே எப்படி அடிக்கிறார், கை நிற்கிறதா, ஓடுகிறதா, எதையும் பார்க்கவில்லை. கையில் குழாய், கண் அந்தச் சேலைக் கிழிசலில். அது கடல் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. குழாயைக் கையில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்துக்கொண்டேன். இவர் ஒரு கதவு முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதில் பாதிகூட ஆகவில்லை. கிழிசல் ஒரு தடவை தொய்ந்தது. மறுபடி லேசாக எழும்பியது. மறுபடி தொய்ந்து அப்படியே தொங்கியது.

ஒரு இழுப்பு இழுத்தேன்.

திருப்பி இழுக்கப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கையால் இடுப்பில் வைத்திருந்த கத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், தார்ப்பாயைக் கிழிக்க. குழாய் தளர்ந்தது. எனக்கு உயிர் போய் வந்தது. திரும்புவதற்குள் தார்ப்பாய் விலகியது. மச்சான் காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்து நின்றார். கையில் கன், வாயில் குழாய். அவருக்குப் பின்னால் காரின் கதவு மேல்பாதி ஈரமாக வெள்ளை, கீழ்ப்பாதி பிரைமர் நிறத்திலேயே கிடந்தது.

தொழில் பழக்கம், வாய் என்னைக் கேட்காமல் பேசிவிட்டது. "மச்சான், பாதியில நிறுத்துனா நடுவுல கோடு விழுந்திருமே!"

அவர் குழாயை வாயிலிருந்து எடுத்தார்.

"நீ இழுத்தியா இல்லியா?"

"இழுத்தேன்."

"வந்துட்டேம்லா" என்றார்.